ஒட்டில்லாத பலகை

மொதல்ல இழுத்தது தொம்மைதான். இப்போ ஊர்ல ஆளாளுக்கு நான்தான் மொதல்ல கை வச்சேன்னு பீத்திக்கிட்டுத் திரியுறாங்க, டிவிக்காரங்க கேமராவைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு ஊர்த்தலைவரு கூட வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இழுத்துக் காட்டினாரு, ஆனா எதிர்த்த வீட்டு வாசல்ல உக்காந்து சாளை மீன் கழுவிக்கிட்டு இருந்தவ நான், அமலோற்பவம், என் ரெண்டு கண்ணால பாத்தேன், ஜெசிந்தா வீட்டு வாசல் பலகையை உருவணும்னு குனிஞ்சது அவ புருசனோட அண்ணன் தொம்மை ஒருத்தன்தான்.

பலகைன்னா என்னன்னு சொல்லிருதேன், இல்லேன்னா பாதியில வந்து கேப்பீங்க. எங்க இன்னாசித்துறையில பாதி ஆம்பளைங்க கடல்ல மீன் பிடிக்காங்க, மீதி ஆம்பளைங்க வெளிநாட்டுக் கப்பல்ல வேலை பாக்காங்க. கப்பல்காரன் வீடு எதுன்னு கேக்கவே வேண்டாம், வாசலைப் பாத்தாத் தெரிஞ்சிரும். புருசன் கப்பலுக்குக் கிளம்புற அன்னைக்குப் பொண்டாட்டி ஒரு பலகையை எடுத்து, ஒரு நுனி வாசப்படி மேலயும் மறு நுனி தெரு மண்ணுலயுமா சாய்ச்சு வைப்பா. அவன் திரும்பி வர்ற வரைக்கும் அதை ஒருத்தரும் மிதிக்கக் கூடாது, பிள்ளைங்க மிதிச்சா முதுகுல ரெண்டு விழும், சாமியாரே வந்தாலும் ஓரமாச் சுத்தித்தான் உள்ள வரணும். மாசக்கணக்கா கடல்ல கெடந்தவன் பெட்டியும் கையுமா வந்து அந்தப் பலகையில நடந்து ஏறணும், பொண்டாட்டி உள்ள நின்னு “வந்தாச்சா?”ன்னு கேக்கணும், அவன் “இறங்கியாச்சு”ன்னு சொல்லணும், அப்பத்தான் எங்க ஊரைப் பொறுத்த மட்டும் அவன் கப்பலை விட்டு இறங்குனவன். அதுக்கு முன்னால அவன் எந்தத் துறைமுகத்துல காலை வச்சாலும் சரி, எந்த ஏர்போர்ட்டுல உக்காந்து பப்ஸ் தின்னாலும் சரி, யாராச்சும் வந்து கேட்டா இன்னும் இறங்கலைன்னுதான் சொல்லுவோம். கடன் கேக்க வந்தவனுக்கும் அதே பதில்தான். போனவன் போன எடத்துலயே செத்துட்டான்னு தாக்கல் வந்துச்சுன்னா, அவன் பக்கத்து ஆம்பளை ஒருத்தன் அன்னைக்கே பலகையை உருவிக் கடல்ல விட்டுரணும், அதான் வழக்கம்.

ரெஜிஸ் செத்தது கப்பல்லயும் இல்ல, வீட்டுலயும் இல்ல, அதுலதான் எல்லா வம்பும். அவன் சரக்குக் கப்பல்ல போசன், மேல்தட்டு ஆளுங்களுக்கெல்லாம் மூத்தவன், ஆளு நல்ல கனம், எடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். நெஞ்சு வலிக்குன்னு கேப்டன்கிட்டச் சொல்லியிருக்கான், கேப்டன் ரெண்டு மாத்திரையைக் குடுத்து, உனக்கு ஒப்பந்தம் முடியப் போற நேரம்தானே, ஊருக்குப் போய் நல்ல டாக்டரா பாருன்னு சொல்லி அடுத்த துறைமுகத்துல சைன் ஆஃப் போட்டு இறக்கி விட்டுட்டான். கப்பல் ஏணியில இவன் இறங்கும்போது பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னால வந்தது என் வீட்டுக்காரரு கஸ்பார், அவரும் அதே கப்பல்ல எஞ்சின் ரூம்ல ஆயில்மேன். மூஞ்சி சாம்பலாட்டம் இருந்துச்சுட்டின்னு அன்னைக்கே போன்ல சொன்னாரு. அங்கயிருந்து ஒரு பிளேன், அதை விட்டு இன்னொரு பிளேன் மாறணும். மாறுற ஏர்போர்ட்டுல, பெட்டி பக்கத்துல நிக்க, ஜெசிந்தாவுக்கு வாங்கின பச்சைக் கம்பளி மடியில இருக்க, நாற்காலியில சாஞ்ச மேனிக்கே ரெஜிஸ் போய்ச் சேர்ந்துட்டான். பிளேன் போனதுக்கப்புறம் தரை தொடைக்க வந்த பொம்பளைதான் கண்டுபிடிச்சிருக்கா.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டது சுகுமாரன். சென்னையில கம்பெனிக்கு ஆள் பிடிச்சு அனுப்புற ஆபீஸ் மேனேஜர், எங்க தெரு ஆம்பளைங்க பூராவும் அவரு அனுப்பிப் போனவங்கதான். ஆறுதலாத்தான் பேசினாரு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா உடம்பை எப்போ கொண்டு வருவீங்கன்னு இவ கேட்டதும் குரல் மாறிப்போச்சு. சைன் ஆஃப் போட்டுக் கப்பல் ஏணியை விட்டு இறங்கின நிமிசத்தோட அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முடிஞ்சிருச்சும்மா, அதுக்கப்புறம் அவரு எங்க ஆள் கிடையாது, சாதாரணப் பயணி, டிக்கெட் எடுத்துக் குடுத்ததோட எங்க கடமை தீர்ந்துச்சுன்னாரு. ஜெசிந்தா போனை வச்சுட்டு அழவே இல்ல. “அவரு இன்னும் வீட்டுக்கு வரலியே, அதுக்குள்ள எப்படி இறங்கினதாகும்?”னு சுவரைப் பாத்துக் கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கும் அவளுக்கும் கோழிச் சண்டையில ஒரு வருசமாப் பேச்சு கெடையாது, அதனால எதிர்த்த வாசல்ல நின்னே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

தாக்கல் வந்தாச்சு, வழக்கத்தைச் செய்யணும்ல, தொம்மை வந்து குனிஞ்சு பலகையை இழுத்தான். வரலை. ஜெசிந்தா உள்ள இருந்து வேண்டாம் அத்தான், விட்டுருங்கன்னா, அவன் காதுல வாங்கலை. காலை ஊன்றி இன்னொரு இழுப்பு இழுத்தான், இப்போ வந்துச்சு. ஒரு முழம் வந்துச்சு. ஆனா அந்தப் பக்க நுனி வாசப்படியை விட்டுக் கழறலை. தொம்மை முழிச்சான், மறுபடி இழுத்தான், இன்னொரு முழம் வந்துச்சு, வாசப்படிக்கு அடியில யாரோ உக்காந்து பலகையைத் தள்ளிக் குடுக்கிற மாதிரி புதுப்பலகை அதே அகலத்துல, அதே வேங்கை மரத்துல, வெளிய வந்துக்கிட்டே இருந்துச்சு.

அதோட விட்டிருந்தா சின்ன விசயம். எங்க ஊர்க்காரங்க விடுவாங்களா? கரைவலை இழுத்துப் பழகின கை அது, இழுக்க இழுக்க ஒண்ணு வருதுன்னா கடைசியில வலையோட மடி வந்தே தீரும், மடியில மீன் கெடக்கும்னு பிறந்ததுல இருந்து நம்பி வளந்த கை. தொம்மை இழுக்கிறதைப் பாத்து ரெண்டு பேரு பின்னால பிடிச்சாங்க, ரெண்டு பேரைப் பாத்து இருபது பேரு வந்தாங்க, கரையில வலை காய வச்சுக்கிட்டு இருந்தவனெல்லாம் என்ன ஏதுன்னு கேக்காமலே ஓடி வந்து கையை வச்சான், வலை இழுக்கிற பாட்டு தானாக் கிளம்பிருச்சு, கால் மண்ணுல புதையப் புதைய, தெரு சரிவுல இறங்கி, ஏலக்கூடத்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வெளியேறி, ஐஸ் பொட்டியெல்லாம் சரிய, பொம்பளைங்க நாங்களும் சேலையைச் சொருகிக்கிட்டுச் சேர்ந்துக்கிட, ஒருத்தருக்கும் எதுக்கு இழுக்கோம்னு ஞாபகமே இல்லாம, மூச்சு வாங்க, சிரிப்பா வர, செத்த வீடுங்கிறதே மறந்து போய், அலை வந்து இடுப்புல அடிக்கிற வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனோம். அப்பத்தான் பலகை எங்க கையை விட்டு நழுவிச்சு. எவனும் தொடலை, எவனும் தள்ளலை, தண்ணிக்கு மேல முழங்கால் ஒசரத்துல அது பாட்டுக்குத் தெக்கே பாத்து நீண்டு போக ஆரம்பிச்சுது. அலைக்கு மேல போய், வானமும் கடலும் தொடுற கோட்டுக்குப் போய், கோட்டைத் தாண்டியும் போயிருச்சு. ஈர உடம்போட அத்தனை பேரும் கரையில நின்னு பாத்தோம். அப்புறம் பசிச்சுது, வீட்டுக்குப் போனோம்.

மறுநாளே ஊரு அதுக்குப் பழகிருச்சு. மீன்காரிங்க ஏலக்கூடத்துக்குள்ள ஓடுற பலகை ஓரமாக் கூடையை வரிசையா வச்சு, இன்னாரு எடம் இதுன்னு சாக்கட்டியால கோடு போட்டு, அதுக்கு ஒரு சண்டையும் போட்டு முடிச்சாங்க. மிதிக்கக் கூடாதுங்கிற வழக்கம் மட்டும் மாறலை, தெருவைக் கடக்கிறவங்க காலைத் தூக்கித் தாண்டிப் போனோம், பஞ்சாயத்துல இருந்து நாலு எடத்துல படி கட்டிக் குடுத்தாங்க. கடல்ல வள்ளம் வந்தா பலகையே பூனை முதுகைத் தூக்குற மாதிரி தூக்கி வழி விட்டுச்சு, அதனால தொழிலுக்கும் இடைஞ்சல் இல்ல. பங்குச்சாமி மூணு வீட்டுல காப்பி குடிச்சு யோசிச்சுட்டு, இதை மந்திரிக்கவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம், திருவிழாச் சப்பரம் வரும்போது மட்டும் யோசிப்போம்னு சொல்லிட்டாரு. அனுமதி இல்லாம படகுத்துறை கட்டியிருக்கீங்கன்னு ஒரு ஆபீஸ்ல இருந்து காவலுக்கு ஒரு போலீஸ்காரரைப் போட்டாங்க, அந்தப் பாவி மனுசன் நல்லவரு, ரெண்டாம் நாள்ல இருந்து எங்க வீட்டுல மத்தியானச் சாப்பாடு. வெளியூர்க்காரங்க வேன் பிடிச்சு வந்து பாத்துட்டு, இவ்வளவுதானான்னு கேட்டுட்டு, சுண்டல் வாங்கித் தின்னுட்டுப் போனாங்க.

ஜெசிந்தா மட்டும் எதையும் பாக்கலை. அந்தப் பலகை நுனியில, உள்பக்கமா, வாசப்படியில உக்காந்திருப்பா. ரெஜிஸ் அங்க ஏதோ ஒரு நாட்டு ஆஸ்பத்திரியில, குளிர் பெட்டிக்குள்ள, கேக்க ஆளில்லாம கெடந்தான். தூதரகத்துக்குப் போன் போட்டா கம்பெனியைக் கேளுங்காங்க, கம்பெனியைக் கேட்டா அவரு எங்க ஆள் இல்லைங்காங்க. இது எத்தனை நாளைக்கு ஓடுமோன்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் கஸ்பார் வீடியோ கால்ல வந்தாரு.

எடுத்த எடுப்பிலேயே, ஏட்டி, ஊர்ல எதையும் இழுத்தீங்களான்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. விசயம் என்னன்னா, ரெஜிஸை இறக்கி விட்ட அதே துறைமுகத்துல கப்பல் சரக்கை இறக்கி முடிச்சுப் பொறப்படணும், பொறப்படுற கப்பல் மொதல்ல ஏணியைத் தூக்கணும், ஏணி கீழ தொங்குற கப்பல் எந்தத் துறைமுகத்தை விட்டும் நகர முடியாது. ஏணி ஏற மாட்டேங்குது. மோட்டார் சுத்துது, கம்பிக்கயிறு சுருளுது, ஏணி மட்டும் கல்லு மாதிரி கெடக்கு. கயிறு அறுந்து போச்சு, ஏணி அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. கேஸ் வச்சு அறுக்கப் போனாங்க, நெருப்பு அணைஞ்சு போச்சு. கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கப்பல் தட்டுல அடிச்சுக்கிட்டு ஏதோ பாஷையில கத்துறதைக் கஸ்பார் போனைத் திருப்பிக் காட்டினாரு, பின்னால நம்ம பசங்க சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்காங்க. கோழிச் சண்டையெல்லாம் எந்த மூலைக்குப் போச்சோ, போனும் கையுமா தெருவைத் தாண்டி ஓடினேன். “ஏட்டி ஜெசிந்தா, கப்பல் நிக்குதுட்டி! ஏணியைத் தூக்க முடியலையாம்!”னு கத்தினேன். அவ என் போனை வாங்கி அந்த ஏணியையே பாத்தா. அப்புறம் தன் வாசப்படியைப் பாத்தா. ரெஜிஸ் செத்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் அவ அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா. தெருவே திரண்டிருச்சு. நிக்கிற கப்பல் நிக்கட்டும், எம்புட்டு நாள் நிக்குதுன்னு பாத்துருவோம்னு தொம்மை தொடையைத் தட்டினான்.

அம்புட்டு நாள் தாங்கலை கம்பெனிக்கு. சுகுமாரன் கார்ல வந்து இறங்கினாரு, கையில மாலை, பின்னால ஒரு ஆள் குடையோட. மாலையை ரெஜிஸ் போட்டோவுக்குப் போட்டாரு, பலகையை ஓரக்கண்ணால பாத்தாரு. கம்பெனி மனம் இரங்கியிருக்கும்மா, கருணை அடிப்படையில உடம்பைக் கொண்டு வந்து சேர்த்துருதோம், அதுக்காக அவரு எங்க வேலையில செத்தாருன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல, நீங்க இந்தப் பலகையை மட்டும் எடுத்துரணும்னாரு. நாங்கல்லாம் சிலுவை போட்டுக்கிட்டோம், மாதாவே கண்ணைத் திறந்துட்டாடின்னு ஒருத்தி முட்டுக்கால் போட்டுட்டா.

ஜெசிந்தா வேண்டாம்னுட்டா.

எனக்குக் காது கேக்கலையோன்னு நினைச்சேன். தொம்மை கோபத்துல தோள் துண்டை உதறிக் கீழ போட்டான், என் தம்பி அங்க அநாதைப் பொணமாக் கெடக்கான், உனக்கு வீம்பா கேக்குதுன்னான். பங்குச்சாமி கெஞ்சினாரு. கருணைன்னு சுகுமாரன் சொன்ன நேரத்துல கடல்ல நின்னவங்க பாத்திருக்காங்க, பலகை தெக்கே பாத்து இன்னும் ஒரு முழம் நகந்துச்சாம், ஆனா அதைக் கேக்க யாருக்கும் பொறுமை இல்ல. கடைசியில என்னைத் தள்ளி விட்டாங்க, நீ போய்ச் சொல்லுட்டின்னு. எனக்கும் சொல்ல இருந்துச்சு. கப்பல் நின்னா கஸ்பாரும் நிக்கணும்ல, அவருக்கு இறங்க வேண்டிய நாள் தாண்டிப் போயிருச்சு, அந்தத் துறைமுகத்துல நல்ல தண்ணி கூட அளந்துதான் குடுக்காங்களாம். நான் போய் அவ பக்கத்துல உக்காந்தேன். ஏட்டி, எந்தப் பேர்ல வந்தா என்ன, ஆளு வந்து மண்ணுல அடங்கினாப் போதும்ல, வாங்கிக்கோ, என் புருசனையும் நினைச்சுப் பாருன்னேன்.

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. “உங்க புருசனை நினைச்சுத்தான்க்கா சொல்லுதேன். கஸ்பார் அண்ணனும் ஒரு நாள் அந்த ஏணியில இறங்குவாரு. இறங்கின நிமிசத்துல இருந்து உங்க வாசல் வர்ற வரைக்கும் அவரு யாரு ஆளு?”

என் வீட்டு வாசல்ல சாஞ்சு கெடக்கிற பலகையைத் திரும்பிப் பாத்தேன், அந்தப் பலகைக்கும் அந்த ஏணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம், எத்தனை ஏர்போர்ட்டு, எத்தனை நாற்காலி, அம்மாடி. நான் எந்திரிச்சு வந்து, அவ சொல்றதுதான் நியாயம், யாரு வேணாலும் என்ன வேணாலும் சொல்லுங்க, நான் அவ பக்கம்னு தொம்மை மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு கப்பல்காரன் பொண்டாட்டியா வந்து அவ வாசல்ல உக்கார ஆரம்பிச்சா, தெரு அடைச்சுப்போச்சு.

சுகுமாரன் கோபப்படலை, அந்த மட்டுக்கும் மரியாதையான மனுசன். பலகையைக் குனிஞ்சு பாத்துட்டு, சரிம்மா, இது ரெண்டு பலகைன்னு வைங்க, ஒண்ணு கப்பலோட ஏணி, இன்னொண்ணு உங்க வீட்டுப் பலகை, நடுவுல எங்கயோ ரெண்டையும் சேர்த்திருக்கணும், ஒட்டு இல்லாம இருக்க முடியாது, அந்த ஒட்டு வரைக்கும் எங்க பொறுப்பு, அதுக்கு இந்தப் பக்கம் எங்க பொறுப்பு இல்ல, நான் போய்ப் பாத்துட்டு வாரேன், ஒட்டு இருந்தா கருணையை ஏத்துக்குவீங்களான்னு கேட்டாரு. ஜெசிந்தா, ஒட்டு இருந்தா ஏத்துக்கிடுதேன் சார், இல்லைன்னா எங்க ஆளுன்னு உங்க வாயால சொல்லிக் கூட்டிட்டு வாங்கன்னா. மிதிக்கக் கூடாத பலகையில அவரை எப்படி விடுறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அவ கையைக் காட்டி, போகட்டும், கம்பெனிக்காரங்க ஒருத்தராச்சும் அந்த வழியில நடந்து பாக்கட்டும்னா.

சூவைக் கழற்றிக் கையில பிடிச்சுக்கிட்டு, மறு கையில தண்ணிப் பாட்டிலோட, சுகுமாரன் பலகையில ஏறினாரு. தலையைக் குனிஞ்சு ஒவ்வொரு அடியா ஒட்டைத் தேடிக்கிட்டே தெருவுல போனாரு, ஏலக்கூடத்துல போனாரு, கடல்ல போனாரு, வெள்ளைச் சட்டை புள்ளியாகி மறைஞ்சு போச்சு. ஊரே கரையில. அடுப்பை எவளும் பத்த வைக்கலை. ஒட்டு இருக்கும்னு பாதிப் பேரு, இருக்காதுன்னு பாதிப் பேரு, பந்தயம் கட்டாதீங்கன்னு சாமியாரு விரட்ட விரட்டக் கட்டினானுங்க. ஜெசிந்தா மட்டும் அவ வாசப்படியை விட்டு அசையலை. அடிக்கடி குனிஞ்சு பலகையில உள்ளங்கையை வச்சு வச்சுப் பாத்தா, அதுல அவரு நடக்கிற அதிர்வு தெரிஞ்சுதாம்.

பொழுது சாயுறப்போ புள்ளி தெரிஞ்சுது. காலையில மழிச்ச மூஞ்சியோட போன மனுசன், தாடி வளந்து, சட்டை அழுக்காகி, உதடு வெடிச்சு வாராரு. எங்களுக்கு ஒரு பகல், அவருக்கு எத்தனையோ நாள். கரைக்கு வந்ததும் இறங்கலை, பலகையிலேயே நடந்து நேரா ஜெசிந்தா வாசலுக்கு வந்து நின்னாரு, நாங்க ரெண்டு பக்கமும் கூடவே வந்தோம். தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. அப்புறம் சொன்னாரு. கடல் பூராவும் ஒரே பலகைதான், கையால தடவித் தடவிப் பாத்தாராம். அப்புறம் தண்ணி போய் அடியில பளபளன்னு தரை வந்துச்சாம், கண்ணாடிச் சுவரும் டியூப் லைட்டுமா பெரிய ஏர்போர்ட்டு, அதுக்கு நடுவுலயும் பலகை ஓடிச்சாம், வரிசையா நாற்காலி, ஒரு நாற்காலியில ரெஜிஸ் உக்காந்திருந்தானாம், மடியில பச்சைக் கம்பளி.

“என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரும்மா. ‘வாங்க சார், கம்பெனியில இருந்து யாராச்சும் வருவாங்கன்னுதான் உக்காந்திருக்கேன், நம்ம பிளேன் எப்போ சார்?’னு கேட்டாரு.” சொல்லிட்டுச் சுகுமாரன் மீதித் தண்ணியையும் குடிச்சாரு.

என்ன பதில் சொன்னீங்கன்னு ஜெசிந்தா கேக்கலை. வேற ஒண்ணுதான் கேட்டா. “ஒட்டு இருந்துச்சா சார்?”

அவரு இல்லைன்னு தலையை ஆட்டினாரு. ரெஜிஸைத் தாண்டியும் போயிருக்காரு மனுசன், கப்பல் வரைக்கும் போய், தொங்குற ஏணியைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் திரும்பியிருக்காரு. கப்பல்ல இருந்து இந்த வாசல் வரைக்கும் ஒரே மரம், ஒரு ஆணி இல்ல, ஒரு கீறல் இல்லைன்னாரு. சொல்லிட்டு, அங்கனயே பலகையில நின்னுக்கிட்டே போனை எடுத்து வெளிநாட்டுல உள்ள கம்பெனிக்குப் போட்டாரு. இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாரு, அந்தப் பக்கம் என்னமோ கத்தினாங்க, இவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, கடைசியில அவங்களுக்குப் புரியுதோ இல்லையோன்னு தமிழ்லயே சொல்லிட்டாரு, எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி. “ரெஜிஸ் நம்ம ஆளு. நம்ம வேலையில இருந்து வீட்டுக்கு வர்ற வழியில செத்திருக்காரு. வீடு வர்ற வரைக்கும் நம்ம பொறுப்பு.”

சொல்லி வாயை மூடலை, என் போன் அடிச்சுது. கஸ்பார். ஏணி ஒரு சாண் எழும்பிருச்சுட்டின்னு அலறினாரு, கப்பல்ல எல்லாரும் கை தட்டுற சத்தம் எங்க தெருவுக்கே கேட்டுச்சு. தொம்மை போய்ச் சுகுமாரனைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டான், பாவம், அவரு பயந்து போயிட்டாரு.

அதுக்கப்புறம் கம்பெனி பறந்துச்சு. உடம்பைத் தனியா அனுப்பலை, சுகுமாரனே போய்க் கூட வந்தாரு. ஜெசிந்தாவுக்குச் சேர வேண்டியதெல்லாம் வேலையில செத்தவனுக்கு உள்ள முறைப்படி சேர்ந்துச்சு. வண்டி ஊருக்குள்ள வந்ததும் நாங்க தெரு வழியாக் கொண்டு போக விடலை. கப்பல்காரன் கடல் பக்கமிருந்துதான் வரணும்னு சுத்திக் கரைக்குக் கொண்டு போனோம். சவப்பெட்டியை முன்னால தொம்மையும் பின்னால சுகுமாரனும் மத்தவங்களுமாத் தூக்கி, அலை காலை நனைக்கிற எடத்துல பலகை மேல ஏறி நடந்தாங்க. அவங்க நடக்க நடக்க, பின்னால உள்ள பலகை கடல்ல இருந்து சத்தமில்லாம உள்ள இழுத்துக்கிட்டே வந்துச்சு, கடைசி ஆளோட குதிகாலைத் தொட்டுக்கிட்டே வந்துச்சு. ஏலக்கூடம் தாண்டினதும் கூடைக்காரிங்க எந்திரிச்சு நின்னாங்க, அவங்க கோடு போட்ட எடமெல்லாம் வெறும் மண்ணாயிருச்சு. வாசலுக்கு வரும்போது அது மறுபடி பழைய பலகைதான், ஒரு ஆள் நீளம், அவ்வளவுதான். தூக்கினவங்க கீழ நின்னுட்டாங்க.

ஜெசிந்தா உள்ள இருந்து முன்னால வந்தா. தலையை வாரியிருந்தா. “வந்தாச்சா?”ன்னு கேட்டா.

பலகை அமுங்கிச்சு. ஒருத்தரும் மேல இல்ல, நான் பாத்தேன், அத்தனை பேரும் பாத்தோம், கனமான ஆளு ஒருத்தன் ஏறினா எப்படி அமுங்குமோ அப்படி நடுவுல அமுங்கிச்சு, கிறீச்சுனுச்சு, எடது காலை இழுத்து வைக்கிற மாதிரி ஒரு உரசல் கேட்டுச்சு, அப்புறம் மறுபடி கிறீச்சுனுச்சு, அப்புறம் நிமிந்துருச்சு. ஜெசிந்தா ஓரமா ஒதுங்கி வழி விட்டா. “இறங்கியாச்சு”ன்னு அவளே மெதுவாச் சொல்லிட்டு, குனிஞ்சு ஒத்தைக் கையால பலகையை எடுத்தா, அது அவ கையோட வந்துருச்சு. அப்பத்தான் பெட்டியை உள்ள கொண்டு போனோம். அந்நேரத்துக்கே அங்க கப்பல் ஏணி முழுசா ஏறி, ஊதல் ஊதிப் பொறப்பட்டுருச்சுன்னு கஸ்பார் அப்புறம் சொன்னாரு.

கஸ்பாருக்குத் தள்ளிப் போன இறங்குற நாள் அடுத்த மாசம் வந்துச்சு. நான் காலையிலேயே குளிச்சு, மீனாணக் குழம்பு வச்சு, பலகையில படிஞ்ச மணலைத் தொடைச்சுட்டுக் காத்திருந்தேன். தெருமுனையில கார் வந்து நின்னுச்சு, அவரு மெலிஞ்சு கறுத்து இறங்கினாரு, பின்னாலயே இன்னொரு ஆளும் இறங்கினாரு, சுகுமாரன். சென்னை ஏர்போர்ட்டுல இருந்து கூடவே வந்திருக்காரு, இப்போ எந்த வீட்டு ஆளு வந்தாலும் அவரோ அவரு ஆளோ வாசல் வரைக்கும் வாராங்க. கஸ்பார் பெட்டியோட பலகையில ஏறினாரு. எதிர்த்த வீட்டு வாசல்ல, பலகை இல்லாத வாசல்ல, ஜெசிந்தா ரெஜிஸோட வந்த அந்தப் பச்சைக் கம்பளியை மடியில வச்சுக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு இருந்தா.

“வந்தாச்சா?”ன்னு கேட்டேன்.

“இறங்கியாச்சுட்டி”ன்னாரு.

வெயில்ல நின்னுக்கிட்டு இருந்த சுகுமாரன் அதைக் காதால கேட்டதுக்கப்புறம்தான் போய்க் கார்ல ஏறினாரு.